இருபது ராஜாவும் ஒரு ராணியும்

என் தாய்மாமன் கண்ணுசாமிக்கு நான் தரவேண்டிய கடன் ஒரு ரூபாய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் என் கல்யாணத்தோடு விழுந்த கடன் அது. இரண்டாயிரத்து நான்கில் என் மகன் முகேஷ்குமாருக்குப் பெண் பேசி முடிக்கிற வரைக்கும் தீரவில்லை. வட்டி கிடையாது. ஆனாலும் கந்துவட்டிக்கு வாங்கினவன் படாத பாட்டை நான் பட்டேன். ஏனென்றால் அது இன்றைக்குக் கடையில் நீட்டுகிற ரூபாய் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ராஜா தலை போட்டு அடித்த வெள்ளி ரூபாய்.

எங்கள் வகையறாவில் பரிசம் போடும்போது வெற்றிலைத் தட்டில் இருபத்தியொரு வெள்ளி ரூபாய் வைக்க வேண்டும். ரூபாய் நோட்டாக லட்சம் அடுக்கினாலும் அந்த இருபத்தியொன்று இல்லாமல் பெண்ணின் தாய் தட்டைத் தொடமாட்டாள். இருக்கிறது என்றால் தொட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தன்று அதே முடிச்சைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். காசு யாருக்கும் சொந்தமாவதில்லை. கைமாறி வந்தால் போதும்.

வீட்டுக்கு வீடு இருபத்தியொரு வெள்ளிக்காசு வைத்துக்கொள்ள நாங்கள் என்ன ஜமீனா? வகையறா முழுவதற்கும் ஒரே முடிப்புதான். அது மாமன் வீட்டில் இருந்தது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கேதான். சுற்றுப்பட்டில் எங்கள் ஆட்களில் யாருக்குப் பரிசம் என்றாலும் அவரிடம் வந்து நிற்க வேண்டும். வாடகை வாங்கமாட்டார். ஆனால் சபையில் முதல் வெற்றிலை அவருக்கு. ஒரு வேட்டி துண்டு. அதற்கப்புறம் மைக்செட்டில் இரண்டு வார்த்தை பேசுவார். அந்த இரண்டு வார்த்தைதான் என் கழுத்தை அறுத்தது.

"இந்தத் தட்டுல இருவது ராஜா இருக்கு. ஒண்ணு மட்டும் ராணி. அந்த ராணி சடையாண்டி வீட்டுக் கணக்கு. ராஜா இன்னும் வந்து சேரல."

சபை சிரிக்கும். சடையாண்டி நான்தான். என் மனைவி அங்கம்மா எழுந்து சமையல் நடக்கிற பக்கம் போய்விடுவாள். இருபத்தைந்து வருடமாக எத்தனை கல்யாணத்தில் அவள் பந்தியில் உட்காராமல் அண்டா ஓரத்தில் நின்றே சாப்பிட்டிருக்கிறாள் என்று எனக்குத்தான் தெரியும்.

நடந்தது இதுதான். என் பரிசத்துக்குக் காசைக் கொடுத்தவர் மாமனுடைய அப்பா, அதாவது என் தாத்தா. அவருக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. விரலால் தடவித்தான் எண்ணுவார். பரிசத்துக்கும் மறுவீட்டுக்கும் நடுவில் அவர் தவறிவிட்டார். முடிச்சைத் திருப்பி வாங்கியது மாமன். முதல்முதலாகப் பொறுப்பு கைக்கு வந்த வேகத்தில் வெயிலில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார். இருபதில் தாடி வைத்த ராஜா. ஒன்றில் கொண்டை போட்ட ராணி. அப்பா சொன்னது இருபத்தியொரு ராஜா. அப்படியானால் ஒரு ராஜாவை எடுத்துக்கொண்டு ராணியைச் சொருகியது யார்? கடைசியாக முடிச்சு யார் கையில் இருந்ததோ அவர்தான். அதாவது என் மாமியார்.

என் மாமியார் நத்தத்துப் பக்கம் புளி தட்டப் போகிறவர். கூலிக்குக் கொட்டை எடுத்துக் கொடுத்துப் பிழைத்தவர். முடிச்சை அவிழ்க்கவே இல்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். மாமன் நம்பவில்லை. நான் ஒரு ராஜாவை எங்காவது வாங்கிக் கொடுத்துத் தலைமுழுகி இருக்கலாம். அங்கம்மா விடவில்லை. "நீ ஒரு ராஜாவைக் கொண்டுபோய்க் குடுத்தேன்னா எங்கம்மா களவாண்டது நெசம்னு ஆயிரும்" என்றாள். அதுவும் சரிதான். ஆகவே கடன் கிடந்தது. மாமியாரும் அந்தப் பேரோடேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது முகேஷுக்கு அமைந்த பெண் நாகஜோதி, அதே என் மாமியார் ஊர். நல்ல குடும்பம், கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது, பையன் மில்லில் ஃபிட்டர் என்றதும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள். ஆவணியில் பரிசம். நான் பழம், வெற்றிலையோடு மாமன் வீட்டுக்குப் போய் முடிப்பைக் கேட்டேன். அவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். பழத்தையும் எடுத்துக்கொண்டார். முடிப்புக்கு மட்டும் தலையை ஆட்டினார்.

"ஊரு கேட்டா ராணியோட குடுப்பேன் மாப்ள. கடங்காரன் வீட்டுக்கே கடனோட குடுத்தா எனக்கு என்ன மரியாதை? ஒண்ணு, ராஜாவைக் கொண்டா. இல்லையா, சபையில நான் எப்பவும் சொல்றதைச் சொல்லித்தான் குடுப்பேன்."

எப்பவும் சொல்கிறதை என் மாமியார் ஊரிலேயே, அவர் அண்ணன் தம்பி பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற சபையிலேயே, அங்கம்மா சம்பந்தியம்மாவாகப் பட்டுக் கட்டி நிற்கும்போது சொல்வார். வீட்டுக்கு வந்து இதை அங்கம்மாவிடம் சொல்லவில்லை. மாமன் சரி என்றுவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் ஒரு ராஜாவை வாங்கி, மாமன் கையில் ரகசியமாகத் திணித்து, வாயை அடைத்துவிடலாம் என்பது என் திட்டம்.

நான் திண்டுக்கல் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். காலை லோடு இறக்கி முடித்தால் மத்தியானம் கொஞ்சம் ஓய்வு. அப்படி ஒரு மத்தியானம் பேகம்பூருக்கு நடந்தேன். அங்கே ரஹ்மத்துல்லா பாய் என்று ஒருவர் பழைய பித்தளை, ஓடாத கடிகாரம், செல்லாத காசு எல்லாம் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தார். ராஜா காசு ஒன்று வேண்டும் என்றேன். அவர் கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு துணியை விரித்தார்.

"எந்த ராஜாண்ணே?"

"ராஜான்னா ராஜாதான பாய்."

"மூணு பேரு இருக்காங்க. அப்பன், மகன், பேரன். எட்வர்டுக்கு வழுக்கை, கிரீடம் இருக்காது. அஞ்சாம் ஜார்ஜுக்குத் தாடி, கிரீடம் ரெண்டும் உண்டு. ஆறாம் ஜார்ஜு கிரீடம் வச்சுக்கிட்டு மழுமழுன்னு செரச்சிருப்பாரு."

நான் விலையைக் கேட்டேன். சிரைத்த ராஜாதான் குறைந்த விலை. 1944 என்று போட்டிருந்தது. அறிவொளி வகுப்புக்குப் போனதில் எண்ணும் எழுத்தும் எனக்குக் கூடிவந்திருந்தன, அதனால் வருடத்தைப் படித்துப் பார்த்து, பெரிய விவரக்காரன் மாதிரி இரண்டு பக்கமும் திருப்பி, எழுபது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

மாமன் அதை வாங்கி முகத்தைப் பார்த்தார். ஆட்டுக்கல் ஓரத்தில் தட்டினார். கரகரவென்று ஏதோ சொன்னது. தன் முடிப்பிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டினார். அது கோயில் மணி போல இழுத்துப் பாடியது. "இது மொகத்துலயும் மயிரு இல்ல, தொண்டையிலயும் சத்தம் இல்ல" என்று என் கையிலேயே திருப்பிப் போட்டார்.

மறுநாள் பாய் வருத்தப்படாமல் காசைத் திருப்பி எடுத்துக்கொண்டார். உங்கள் மாமன் காது சரியான காது என்றார். நாற்பதாம் வருடம் சண்டைக்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, அதுவரை பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளியாக இருந்த ரூபாயைப் பாதி வெள்ளியாக்கிவிட்டார்களாம். ஏமாற்றுக்காசு அடிக்கிறவனைத் தடுக்க ஓரத்தில் நடுவே ஒரு பள்ளமும் ஓட்டினார்களாம். எடுத்துக் காட்டினார், இருந்தது. அப்புறம் தாடி ராஜாவில் 1918 என்று ஒன்றை எடுத்து வைத்தார். நூற்றைம்பது சொல்லி நூற்று முப்பதுக்கு வந்தார். இத்தனை பழைய காசு ஏன் இத்தனை மலிவு என்று கேட்டேன். அந்த ஒரு வருடத்தில் மட்டும் கல்கத்தா, பம்பாய் இரண்டு ஊரிலும் சேர்த்து நாற்பத்தொரு கோடிக்கு மேல் அடித்திருக்கிறார்கள் என்றார்.

கோடி எனக்குப் பிடிபடவில்லை. ஒரு ரூபாய் ஒரு தோலா எடை என்றார். கால்குலேட்டரைத் தட்டி ஏறக்குறைய நாலாயிரத்து எண்ணூறு டன் என்றார். அது பிடிபட்டது. பத்து டன் லாரியில் ஏற்றினால் ஐந்நூறு லாரிக்குப் பக்கம். எங்கள் மண்டியில் அத்தனை லாரி வந்து நின்றால் பழனி ரோடு அடைத்துப் போகும். அதை இறக்கினவனுக்கு என்ன கூலி கொடுத்திருப்பான் என்றுதான் எனக்கு யோசனை போனது. பாய் சிரித்து டீ சொன்னார்.

டீ வருவதற்குள் இன்னொன்றும் சொன்னார். இதே தாடி ராஜாவில் 1911 என்று ஒரு வருடம் உண்டு. ராஜா பட்டத்துக்கு வந்து அடித்த முதல் காசு. மேலங்கியில் சின்னதாக ஒரு யானை வரைந்திருந்தார்கள். வரைந்தவன் தும்பிக்கையைக் குட்டையாகப் போட்டுவிட்டான். பார்த்தால் பன்றி மாதிரி இருந்தது. "எங்க ஆளுங்க கையால தொடமாட்டோம்னுட்டாங்கண்ணே" என்று பாய் தன் தாடியைத் தடவிக்கொண்டார். தொண்ணூற்று நாலு லட்சம் அடித்ததில் ஏழு லட்சம்தான் வெளியே போயிருந்தது. மிச்சத்தை அப்படியே உருக்கிவிட்டார்கள். மறுவருடம் தும்பிக்கையை இழுத்து நீட்டி வேறு அச்சுப் போட்டார்கள். நான் என் கணக்கில் பார்த்தேன். அடித்தது பதினோரு லாரி. வெளியே வந்தது ஒரு லாரிகூட நிரம்பாது. அழுக்கோடு, தேயாமல் கிடைத்தால் சேகரிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள் என்றார்.

1918-ஐத் துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். துவைக்கிறதற்குத் துண்டை உதறிய அங்கம்மா காலடியில் ராஜா உருண்டு விழுந்தார். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து காசை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, "ஆக எங்கம்மாவை நீயும் களவாணின்னு எழுதிக் குடுத்துட்ட" என்றாள். அன்றைக்குச் சோறு மட்டும் வைத்தாள், வெஞ்சனம் இல்லை.

மறுநாள் காலையிலேயே அவள் மாமன் வீட்டுக்குக் கிளம்பினாள். நான் பின்னால் ஓடினேன். முறைக்கு மாமன் அவளுக்குப் பெரியப்பா. பொன்னழகு அத்தை, மாமனைக் கட்டியவர், அவளுக்குப் பெரியம்மா. அங்கம்மா வாசலிலேயே நின்று பேசினாள். ராஜா வாங்கியாகிவிட்டது, ஆனால் சும்மா கொடுக்கமாட்டாள். காசு தெரிந்த ஒருவர் முன்னால் இருபத்தியொன்றையும் விரிக்க வேண்டும். எது எந்தக் காலத்துக் காசு, எது எப்போது உள்ளே வந்தது என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். அவர் வாயால் தன் அம்மா மாற்றினதாகத்தான் தெரிகிறது என்று சொன்னால் ராஜாவை வைத்துவிட்டு, காலில் விழுந்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

காசைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியுமா என்று எனக்கே சந்தேகம். மாமன் மட்டும் உடனே ஒத்துக்கொண்டார். அங்கம்மா பேசும்போதே நடுவில் புகுந்து நான் அவரிடம் பன்றி ரூபாயைப் பற்றி உளறியிருந்தேன். தன் முடிப்பில் ஒன்று இருக்குமோ என்ற ஆசை அவருக்கு. அத்தைதான் எதற்கு வீண் அலைச்சல், ஒரு ரூபாய்க்குப் போய் ஊர் சிரிக்க வேண்டுமா என்று இழுத்தார். மாமன் கேட்கவில்லை. அப்படியானால் நானும் வருகிறேன், கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வேண்டும் என்று அத்தையும் பஸ் ஏறினார். பஸ்ஸில் மாமனும் நானும் ஒரு சீட்டு. பெண்கள் இருவரும் முன்னால் ஒரு சீட்டு, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. ஒரு சீட்டுக்கு ஒரு ஜன்னல்தான் உண்டு. அத்தை எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தார்.

பாய் கடையில் நாலு பேருக்கு நிற்க இடமில்லை. பித்தளை அண்டாக்களை வெளியே எடுத்து வைத்து எங்களை உள்ளே விட்டார். மாமன் மஞ்சள் துணி முடிப்பை அவிழ்த்துக் கொட்டினார். காசுகள் மின்னின. வாங்கின அன்றைக்குப் பாத்திரக்கடையில் மின்னுகிற எவர்சில்வர்கூட அப்படி இருக்காது. பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இதை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

அத்தைக்கு அதில் பெருமை. ஒவ்வொரு பரிசத்துக்கும் முந்தின நாள் நத்தம் புளியைக் கரைத்து, அடுப்புச் சாம்பல் சேர்த்து, தேங்காய் நாரால் அரைமணி நேரம் தேய்ப்போம் என்றார். வாங்கிப் போகிறவர்கள் திருப்பித் தரும்போது அவர்களும் ஒருதடவை தேய்ப்பார்கள், அழுக்கோடு கொடுத்தால் மரியாதை இல்லையே என்றார். பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கினார். வருடத்துக்குக் கீழே உள்ள பூவில் ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா என்று சொல்லிக்கொண்டே இரண்டு வரிசையாகப் பிரித்தார். பாதிக்குமேல் 1918-ம் 1919-ம். மற்றவை கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு காசில் மட்டும் அவர் கை நின்றது. மறுபடி துடைத்துப் பார்த்தார். "பதினொண்ணு" என்றார்.

மாமன் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்தேவிட்டார். "பன்னி இருக்கா?"

பாய் பூதக்கண்ணாடியை அவரிடமே கொடுத்தார். மாமன் பார்த்தார், நான் பார்த்தேன். ராஜாவின் மேலங்கி இருந்த இடம் வழித்துப் போட்ட சட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"ஆனையும் இல்ல, பன்னியும் இல்ல" என்றார் பாய். "சர்க்காரு உருக்காம விட்டதை நீங்க புளி போட்டுக் கரைச்சிட்டீங்க. இப்ப இதுக்கு வெள்ளி எடைதான்."

மாமன் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். மரியாதைக்குத் தேய்த்தோம், பன்றி இருந்தது யாருக்குத் தெரியும் என்று அத்தை சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கம்மா சிரிக்கவில்லை. கடைசியாகத் தனியே கிடந்த ராணியைப் பாய் பக்கம் விரலால் நகர்த்தினாள்.

பாய் அதைக் கையில் எடுத்தார். 1862 என்று போட்டிருக்கும், ஆனால் அதை நம்ப முடியாது என்றார். ராணி காசில் அதே வருடத்தைப் பன்னிரண்டு வருடத்துக்கு மாற்றாமலேயே அடித்தார்களாம். அதற்குப் பதிலாக வருடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தார்களாம். அந்தப் புள்ளியை எண்ணித்தான் எந்த வருடத்து அடிப்பு என்று சேகரிக்கிறவர்கள் சொல்கிறார்களாம், அதற்காகவே தேடித் தேடி வாங்குகிறார்களாம். இதில் புள்ளியும் தேய்ந்து போயிருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவர் காசை ஓரத்தில் பிடித்துத் திருப்பினார்.

"இது பொட்டியில கெடந்த காசு இல்லம்மா. கழுத்துல கெடந்தது. தலைக்கு மேல பாருங்க, வளையம் பத்தவச்சுப் பிறகு ராவி எடுத்த தழும்பு. ரெண்டு பக்க ஓரமும் மட்டும் தட்டையாத் தேஞ்சிருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு இதே மாதிரி காசு வருசக்கணக்கா ஒரசியிருக்கு. காசுமாலை. நல்ல வசதியான வீட்டு மாலை."

 வெளியே யாரோ அண்டாவில் இடறிக்கொண்டு போனார்கள்.

அங்கம்மா மாமனைப் பார்க்காமல் ராணியைப் பார்த்துத்தான் சொன்னாள். "எங்கம்மா கழுத்துல மஞ்சக்கயித்தைத் தவிர ஒண்ணும் கெடந்ததில்ல பெரியப்பா. ஊருக்கே தெரியும்."

மாமன் வாயைத் திறந்தார். அவர் எதையோ சொல்வதற்குள் அத்தை, "போதும்" என்றார். சேலை எடுக்க வைத்திருந்த பையை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "அது எங்கம்மா கழுத்துல கெடந்த ராணி."

பிறகு மெதுவாகச் சொன்னார். அத்தை பிறந்தது ஒட்டன்சத்திரத்துப் பக்கம். அவர் அம்மா வீட்டு வழக்கம் வேறு. பரிசத்தில் வந்த ராஜாவில் ஒன்றைப் பெண்ணின் தாய் எடுத்துக்கொள்வாள். தன் மாலையிலிருந்து ஒரு ராணியை அறுத்து அந்த இடத்தில் வைப்பாள். பெண் போகிற வீட்டில் ராணியாக இருக்க வேண்டும் என்று சாங்கியம். அத்தையின் பரிசத்திலும் அவர் அம்மா அப்படியே செய்துவிட்டார். ரூபாய்க்கு ரூபாய் சரியாகப் போய்விட்டது, மாமனாருக்குக் கண் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

"எடுத்த ராஜா எங்க?" என்றார் மாமன். குரல் ஆட்டுக்கல்லில் தட்டின 1944 மாதிரி இருந்தது.

"உங்க மகனுக்கு அரைஞாண் அடிச்சது எந்த வெள்ளியிலன்னு நெனைச்சீங்க? எங்கம்மா போட்டதுன்னு ஊரெல்லாம் காட்டுனீங்கள்ல. அதுலதான் இருந்தாரு. மூணு வயசுவரைக்கும் உங்க மகன் இடுப்புலதான் இருந்தாரு."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடாத ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தார்.

அங்கம்மா அத்தை பக்கம் திரும்பினாள். "எங்கம்மா செத்து ஆறு வருசமாச்சு பெரியம்மா" என்றாள்.

அத்தை தலையை நிமிர்த்தவில்லை. அன்றைக்கு மாமனார் செத்த வீடு, இந்த மனுசன் தெருவில் நின்று கத்துகிறார், இப்போது சொன்னால் நம் கதி என்ன என்று வாயை மூடிக்கொண்டதாகச் சொன்னார். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த கல்யாணம் முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, பிறகு சொல்ல முடியாத தூரத்துக்கு வந்துவிட்டதாம். ஒரு ரூபாய்தானே என்று நினைத்தேன், ஒரு ஆளுடைய பேர் என்று நினைக்கவில்லை என்றார். அழுதார் என்று சொல்லமாட்டேன். மூக்கைச் சிந்தினார்.

 அங்கம்மா அத்தை கையிலிருந்த பையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, சேலைக் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்றாள். எனக்கு அவளைத் தெரியும். அது மன்னிப்பு இல்லை. மன்னிப்புக்கு முந்தின ஸ்டாப்பிங்.

மாமன் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரவில்லை. பெண்கள் போனபிறகு, அப்படியானால் எனக்கு ஒரு ராஜா குறைவது குறைவதுதானே என்று பாயிடம் நியாயம் கேட்டார். உங்கள் ராஜாவை உங்கள் மகன் கட்டிக்கொண்டு திரிந்ததற்கு இவர் என்ன செய்வார் என்று பாய் கேட்டார்.  என் 1918-ஐ எடுத்து நீட்டினேன், வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் கையை நீட்டக்கூட இல்லை. அதைப் பாயே திருப்பி எடுத்துக்கொண்டு, பத்து ரூபாய் குறைத்துக்கொண்டு பணம் கொடுத்தார். இத்தனை பார்த்ததற்கு அந்தப் பத்து ரூபாய் கூலி என்றார். பஸ்ஸில் திண்டுக்கல்லிலிருந்து ஊர் வரைக்கும் மாமன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது மட்டும் பரிசம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதற்குமேல் சபையில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கம்மாவுக்கும் தெரியவில்லை. பரிசத்தன்று காலையில் அவள் பட்டுச்சேலையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

நாகஜோதி வீட்டு வாசலில் பந்தல் போட்டு மைக்செட் கட்டியிருந்தார்கள். என் மாமியாரின் அண்ணன் தம்பி மக்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தட்டு வந்தது. புளி போடாத தட்டு அது. அத்தை இந்தத் தடவை வெறும் தண்ணீரில் அலசித் துடைத்திருந்தார், காசெல்லாம் கொஞ்சம் மங்கலாக, வயதுக்கேற்ற நிறத்தில் இருந்தன. ராணியை அடியில் மறைக்காமல் மேலேயே வைத்திருந்தார். முதல் வெற்றிலை மாமனுக்குக் கொடுத்தோம். அவர் மைக்கை வாங்கினார். அதை ஊதிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். அங்கம்மாவின் கால் சமையல் பக்கம் திரும்புவதை நான் பார்த்தேன்.

"இந்தத் தட்டுல இருவது ராஜா இருக்கு. ஒரு ராணி இருக்கு" என்றார் மாமன். வழக்கம்போலச் சிரிக்க நாலு பேர் தயாரானார்கள். "ராணி எங்க வீட்டு ராணி. என் மாமியா வச்சது. இத்தன வருசமா நான் சடையாண்டி மாமியா மேல சொன்னது தப்பு. அந்தப் புண்ணியவதி முடிச்சை அவுக்கவே இல்ல. குடுத்ததைக் குடுத்தபடி திருப்பிக் குடுத்துச்சு. சடையாண்டி எனக்குத் தரவேண்டியது இனி ஒண்ணுமில்ல."

யாரும் சிரிக்கவில்லை. நாகஜோதியின் அம்மா தட்டைத் தொட்டு வாங்கினாள். மாமன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கை வைக்கப் போனார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அங்கம்மா எழுந்து நின்றாள்.

"பெரியப்பா, பின்னாடி எங்கம்மாவோட அண்ணன் தம்பி மக்களுக்குச் சரியாக் கேக்கலையாம். இன்னொருக்கச் சொல்லுங்க."

மாமன் அவளைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மைக்கை மறுபடி எடுத்து, இந்தத் தடவை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னார்.